பத்து நிமிடப் பசு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
ஸ்கூட்டரை ஓரங்கட்டிப் புதிய சுற்றறிக்கையை
இன்னொரு தடவை புரட்டினேன். பதினோரு பக்கம்.
பழைய விதியில் 'உரிமையாளர்' என்றிருந்த இடமெல்லாம்
'பராமரிப்பாளர்' ஆகியிருந்தது.
காதில் வில்லை, இனிமேல் கழுத்தில் சில்லும்.
பிறந்தால், விற்றால், இடம் மாறினால், செத்தால்
ஒரு நாளுக்குள் பதிய வேண்டும்.
படித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று மாடுகள்
கேட்டுக்கு அடியில் தலையைத் தாழ்த்தி நுழைந்து
தண்டவாளம் தாண்டிப் போயின.
அந்த இடமாற்றத்தை நான் பதியவில்லை.

தேசம்மா வீடு குடோன் சுவரை ஒட்டி.
முன்னால் மாடு, பின்னால் ஆட்கள்.
"ஊசியா சார்? போன மாசம்தான் போட்டுக்கினு போனாங்க."
"ஊசி இல்லம்மா, சில்லு. அரிசி அளவுதான்."
"ரேஷன் அரிசியா, கடை அரிசியா?"
நான் சிரித்தேன். உதவியாள் கிதியோன் சிரிக்கவில்லை,
அவன் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நாலு மாட்டுக்குச் சுருக்க முடிந்தது.
ஐந்தாவது பவுனு. செவலை.
சுவரொட்டியில் ஒரு வேட்பாளரைத் தோள்வரை தின்றுவிட்டு
மேலே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
மஞ்சள் வில்லையின் பன்னிரண்டு எண்களையும்
கிதியோன் உரக்கப் படித்தான்.
திரை சுற்றியது. சுற்றியது. பிறகு சிவப்பில் சொன்னது:
இறந்தது. இடம் மணலி. காரணம் மின்சாரம்.

"உயிரோட கீதே சார்" என்றாள் தேசம்மா,
எனக்குக் கண் தெரியாது என்பதுபோல.

பதிந்தவர் என்ற இடத்தில் என் எண்.
ஞாபகம் வந்துவிட்டது. மழை இரவு, நாற்பதாவது பதிவு,
கடைசி இரண்டு எண்ணை இடம் மாற்றிப் போட்ட விரல்.
மணலியில் அன்று கம்பியை மிதித்து விழுந்தது ஓர் எருமை.
எருமையா பசுவா என்று கணினி கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அந்த எருமை இன்னமும் பதிவேட்டில்
நாளொன்றுக்கு ஆறு லிட்டர் கறக்கிறது.

செத்ததை எழுப்பப் பொத்தான் கிடையாது.
மோசடியைத் தடுக்க, என்கிறது ஏழாம் பக்கம்.
அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
"பழசைக் கழற்றிவிட்டுப் புதுசாகப் பதி,
என்னைக் கேட்டதாகச் சொல்லாதே."

"செத்த மாடு ரோட்டுல நின்னா ஃபைன் உண்டா?"
"இல்லை."
"அப்போ அப்டியே வுட்டுடு சார்."
கொஞ்ச நேரம் சாணியைத் தள்ளினாள்.
"லோன் குடுப்பாங்களா?"
"மாட்டார்கள்."
"போடு."

கத்தரி. கிளிக். காது ஒருமுறை உதறியது,
என் சட்டையில் மூன்று சொட்டு.
பழைய ஓட்டைக்கு அரை விரல் தள்ளிப் புதியது.
வாயைப் பிளந்து பார்த்தேன், ஆறு பல்.
பிறந்த தேதி கட்டாயம்.
'தெரியாது' என்ற பெட்டியைப் புதிய பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.
ஒரு மாதத்துக்கு முந்திய தேதி போட்டால்
தாயின் எண்ணைக் கேட்கிறது.
பவுனுவின் தாயை யார் அறிவார்?
தானாக வந்து நின்ற இன்றைய தேதியையே
விட்டுவிட்டேன்.

தேசம்மா கன்றின் கயிற்றை அவிழ்த்தாள்.
தாயை இழந்தது என்று பதிவாகியிருந்த கன்று
நாலு மாத வேகத்தில் ஓடிவந்து,
பிறந்து பத்து நிமிடமான பசுவின் மடியை
முட்டி முட்டிக் குடித்தது. வாலெல்லாம் ஆட்டம்.

எங்களுக்கு டீ வந்தது. கெட்டிப் பால்.
யார் கணக்கில் எழுத, என்று கேட்டான் கிதியோன்.
அப்போதுதான் சிரித்தான்.

திரும்பும்போதும் கேட் சாத்தியிருந்தது.
பெட்டி பெட்டியாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண்.
நாளைக்கு மணலி போக வேண்டும்.
அந்த எருமையைக் கொல்ல வேண்டும்.