ஐந்தாவது புத்தகம்

ஒத்மார்,
கேன்டீன் சீட்டின் பின்புறம்
நீ எழுதித் தந்தவை ஐந்து.
நான்கைப் படித்துவிட்டேன்.
ஐந்தாவதன் மேல் பூண்டு சூப் சிந்தியிருக்கிறது.

ப்ஷெரோவில் பனி இன்னும் விடவில்லை.
பெச்வா ஆறு ஓரங்களில் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாக ஓடுகிறது.
பதினோரு வருடம் கண்ணாடி தேய்த்த கை
சைன் அட்டவணைக்குப் பழக
அக்டோபரில் தொடங்கி இன்றைக்கு ஆயிற்று.

முதல் புத்தகம் எளிது என்றாய்.
பொய்.
படங்கள் எளிது.
அம்பு போட்ட கோடுகள் இடமிருந்து வந்து
வில்லையில் முழங்கால் மடக்கி
ஒரே புள்ளியில் போய் உட்காருகின்றன.
நான் தேய்த்த எதிலும்
அவை அப்படி அடக்கமாக உட்கார்ந்ததில்லை.
எழுபதாம் பக்கத்தில்தான் ஒப்புக்கொள்கிறார்:
இதுவரை சொன்னது
அச்சுக்கு மிக அருகில் மட்டுமே உண்மையாம்.
எழுபது பக்கம் கழித்து!
மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

இரண்டாவது ஜெர்மன்.
அதில் இடப்பக்கத் தூரமெல்லாம் கழித்தல்.
முதலாவதில் கூட்டல்.
இரண்டையும் ஒரே மேசையில் விரித்தது என் தப்பு.
ஒரு சனிக்கிழமை முழுக்கக்
கணக்குப் போட்டுக் கட்டிய இரட்டை வில்லை
பிம்பத்தை என் முதுகுக்குப் பின்னால்,
ரயில் நிலையத்துக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்தது.
ஒலோமோட்ஸ் போகும் கடைசி வண்டி
அதன் மேல் ஏறித்தான் போயிருக்கும்.
எந்தப் பக்கம் கழித்தல் என்று முடிவு செய்,
பிறகு அதிலேயே நில்.
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
யிந்த்ரா அதைப் பார்த்துவிட்டு
யாரோடு சண்டை என்று கேட்டான்.

மூன்றாவது தொள்ளாயிரம் பக்கம், நூலகப் பிரதி.
எனக்கு முன்னால் யாரோ
பென்சிலோடு படித்திருக்கிறார்கள்.
மெல்லிய, சாய்ந்த, அவசரமில்லாத எழுத்து.
கோளப் பிறழ்ச்சிக்கு எதிரே 'ஆம்'.
கோமாவுக்கு எதிரே ஒரு வால்நட்சத்திரம்,
அதற்குக் கண்ணும் மூக்கும்.
முன்னூற்றுப் பன்னிரண்டில் 'ஏன்?'
அடுத்த பக்கத்தில் 'ஓ'.
அந்த 'ஓ'வுக்காக நான்கு நாள் உழைத்தேன் ஒத்மார்.
கிடைத்தபோது இரவு மணி ஒன்றரை.
நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

நானூற்று ஆறோடு பென்சில் நின்றுவிடுகிறது.
அச்சை ஒருபோதும் தொடாமல்
சாய்ந்தே போகும் கதிர்கள் தொடங்கும் இடம்.
அதற்குமேல் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.
வேலை மாறியதா, குழந்தை பிறந்ததா,
சும்மா அலுத்துப்போனதா?
நூலகச் சீட்டில் தேதி மட்டும்: மே 1987.
துணையில்லாமல் மேலே போனேன்.
ஐந்நூற்று இருபதில் ஒரு குறி தலைகீழ்.
மூன்று முறை சரிபார்த்தேன், அச்சுப்பிழைதான்.
திருத்திவிட்டு
பக்கத்தில் சின்னதாக ஒரு வால்நட்சத்திரம் போட்டேன்.
தாமதக் கட்டணம் நாற்பது கொருனா.

நான்காவது புத்தகமே இல்லை,
கண்ணாடி வகைகளின் பட்டியல்.
சமையல் புத்தகம் மாதிரி படி என்றாய்.
ஏட்டுச் சுரைக்காய் என்றுதான் திறந்தேன்.
பார்த்தால் பாதிப் பேர் தெரிந்தவர்கள்.
லாந்தனம் கலந்த அந்தக் கனத்த முரடு.
ஃப்ளூரின் கலந்த இவள்,
சூட்டில் ஒரு சின்ன மாற்றத்துக்கே விரிசல் விடுபவள்.
பட்டியலில் அதற்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்.
என் கட்டைவிரலில் இருப்பது தழும்பு.

என் முதல் மூவில்லை நேற்று மேசைக்கு வந்தது.
ஓரத்தில் ஊதா கசிகிறது.
ஒன்றின் பிழையை இன்னொன்றின் பிழையால் அடைத்து
மிஞ்சியதை விளிம்புக்குத் தள்ளியிருந்தேன்.
வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது.

அதையே உன் சீட்டின் மேல் பிடித்துப் பார்த்தேன்.
வளைந்த ஓர் எழுத்து,
பிறகு நீளமாக ஒரு கால்.
இன்னும் நெருக்கினேன்.
எழுத்து பெரிதாகிறது.
கறையும் பெரிதாகிறது.

என்ன எழுதினாய்?
புத்தகத்தின் பேரா,
சூப்புக்குக் கொடுத்த காசா?