அடிக்குறிப்புக்குத் தனிக் காசு

பல்கலை நகர் நிறுத்தத்துக்கு எதிரே
அன்னபூரணி ஜெராக்ஸ்.
அன்னபூரணி முதலாளியின் மனைவி,
கடைப்பக்கம் வந்ததே இல்லை.
வருகிறவர்கள் என்னை அன்னபூரணி அக்கா என்கிறார்கள்.
முதல் வருடம் திருத்திப் பார்த்தேன்.
குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையே
இயற்கையான உறவு எதுவும் இல்லை என்று
ஒன்பது ஆய்வேடுகளில் ஒன்பது முறை அடித்த பிறகு
விட்டுவிட்டேன்.

ஏப்ரல் வந்தால் எம்.ஏ. ஆங்கிலம்.
நாகமலையின் முதுகு வெயிலில் பொரிந்துகொண்டிருக்கும் நேரத்தில்
உசிலம்பட்டி பஸ்ஸிலிருந்து
கோடுபோட்ட தாள்களை மார்போடு அணைத்து இறங்குவார்கள்.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
அடிக்குறிப்பு இருந்தால் தனி.
மற்றமைக்குப் பெரிய எழுத்து போடச் சொல்வார்கள்,
ஏனென்று கேட்டால் தலையைச் சொறிவார்கள்.
சொல்லின் நடுவே அடைப்புக்குறி போட்டு உடைத்தால்
அர்த்தம் இரண்டாகுமாம்.
கணினி அதன் கீழே சிவப்பாக நெளியும்.
நான் 'புறக்கணி' அழுத்துவேன்.

எனக்கு பகுதி இரண்டு ஆங்கிலத்தில்
ஓர் அரியர் இன்னும் நிற்கிறது.
திருமங்கலத்தில் பி.ஏ. வரலாறு,
இரண்டாம் வருடத்தோடு சரி.
பதினொரு வருடம் அடித்ததில்
அந்த மொழி விரல் வழியாக ஏறியிருக்கிறது.
வாய்க்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒச்சப்பன் கொண்டுவந்தது
பெண் நாவல்களில் மௌனம், ஐந்து இயல்கள்.
'எழுபது பக்கம் வரணும்க்கா, இல்லைன்னா கைடு வாங்க மாட்டார்.'
எழுத்தைப் பெரிதாக்கினேன்,
வரிகளை விலக்கி உட்காரவைத்தேன்,
அறுபத்தொன்பது.
அவன் டீ குடிக்கப் போயிருந்தான்.
மூன்றாம் இயல் ஒரு பக்கத்தின் கடைசி வரியில்
விளிம்பு தட்டி நின்றது.
இன்னும் ஒரு வாக்கியம் விழுந்தால்
புதுப் பக்கம் திறந்துவிடும்.
அடித்தேன்.
அவர்கள் ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால்:
மௌனம் என்பது, அறையில் இருப்பவர்கள்
எழுந்து போகும்வரை காத்திருப்பது.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் உச்சியில்
அது மட்டும்.
கீழே முழுக்க வெள்ளை.

வைவாவில் நடந்ததை அவனே வந்து சொன்னான்.
திருநெல்வேலியிலிருந்து வந்த தேர்வாளர்
புரட்டிக்கொண்டே போனவர்
அந்தப் பக்கத்தில் நின்றாராம்.
'இது யாருடையது?'
'பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் சார்.'
'ம்ம். படித்த ஞாபகம்.'

பாக்கி நூற்றிருபதை எண்ணி வைத்தவன்
போகாமல் நின்றான்.
'அக்கா, அது நான் எழுதினதா?'
'உங்க பேப்பர்ல இருக்கறதைத்தானே தம்பி அடிப்பேன்.'
ஸ்பைரல் மிஷினின் ஓசை
கொஞ்ச நேரம் எங்களுக்கு உதவியாக இருந்தது.

நன்றியுரையில் கடவுள், பெற்றோர், நெறியாளர்,
நூலகத்தில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துத் தந்த நண்பர்கள்.
கடைசி வரியில்
அழகுற அச்சிட்டுத் தந்த அன்னபூரணி ஜெராக்ஸ்.
அந்த வரியையும் நான்தான் அடித்தேன்.
இரண்டு 'ன'கரத்தில் ஒன்று விட்டுப்போனது,
வேண்டுமென்றே என்று சொல்ல மாட்டேன்.

இது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை.
நேற்று சாயங்காலம் ஜெபமலர்,
செக்கானூரணிக்குக் கடைசிக்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்,
தாள்களை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள்.
இரண்டாம் இயலில் ஒரு மேற்கோள்.
ஒச்சப்பன், பக்கம் நாற்பத்து மூன்று.
அதற்கு அடியில் அவளுடைய கையெழுத்தில்
ஒன்றரைப் பக்கம் விளக்கம்.
அந்த அறை வீடாம்,
எழுந்து போகிறவர்கள் வரலாறாம்,
காத்திருப்பது ஓர் எதிர்ப்பாம்.
இருக்கலாம்.
எனக்கு அன்றைக்கு ஒரு பக்கம் வேண்டியிருந்தது.
இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மின்சாரம் போனது.
யூ.பி.எஸ். கூவக் கூவ
இரட்டை மேற்கோள்குறி திறந்து
பார்த்து அடித்தேன்.
அவள் எடுத்தெழுதியதில்
ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது.
மூலத்தில் உண்டு.
போட்டேன்.

அடிக்குறிப்பு ஒன்று:
காசு வாங்கிக்கொண்டேன்.