ஏழாவது வரி

அக்ரிமென்ட்டில் ஏழாவது வரி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
ஆறாவது, ராத்திரி பத்துக்குமேல் மோட்டார்.
எட்டாவதுக்கு வருமுன்
புரோக்கர் பேனாவை நீட்டிவிட்டார்.

மடிப்பாக்கம், இரண்டாம் மாடி,
பன்னிரண்டடிக்கு ஒரு வெள்ளைச் சுவர்.
வெள்ளை என்பது ஆளவந்தார் சொன்னது.
நடுவில், போன மழையோ அதற்கு முந்தினதோ
இறங்கிப்போன பழுப்புத் தடம்,
யாரோ டீயை வீசின மாதிரி.

வீட்டுக்காரர் பெயரே ஆளவந்தார்.
நாங்கள் என்ன செய்ய?

தடத்தை மறைக்கக் கடையில் ஒரு படம் பார்த்தோம்.
கடல். படகு. ஆளில்லை.
நாலாயிரத்து எண்ணூறு.
"ஆளே இல்லாததுக்கா?" என்றாள் சகாயமேரி.
வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்,
இரண்டு பேருக்கு அறுபது.

வேளச்சேரியில் எனக்கு வேர் சிகிச்சை.
மூன்றாவது தடவை,
பாதி உதடு மரத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது
வரவேற்பு மேசையிலிருந்து தரைவரை
வழிந்துகொண்டிருந்தது ஒரு மணி பிளான்ட்.
கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.
கணுவுக்குக் கீழே நகத்தால் கிள்ளி
எக்ஸ்ரே உறைக்குள் வைத்துக்கொண்டேன்.
ஒரு வேரை அங்கே கொடுத்துவிட்டு
வேர்விடப் போகிற ஒன்றோடு
பஸ் ஏறினேன்.

பூஸ்ட் பாட்டில். கேன் தண்ணீர்.
பத்தொன்பதாம் நாள் வெள்ளையாய் ஒரு நூல்.
சகாயமேரி அதை மூன்று பக்கமும் போட்டோ எடுத்துத்
தூத்துக்குடிக்கு அனுப்பினாள்.
"புழுவா?" என்று கேட்டது தூத்துக்குடி.

ஆணிக்குப் பதில் ஒட்டுக் கொக்கி வாங்கினோம்,
பத்து தொண்ணூறு ரூபாய்.
மே மாதத்து ராத்திரிகளில்
ஒவ்வொன்றாய் விழும்.
டப்.
கொஞ்சம் சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு.
"ஆளவந்தார் இறங்கி வர்றார்டி" என்பாள்
போர்வைக்குள்ளிருந்து.
டப்.

பிறகுதான் புத்தி வந்தது.
அலமாரி மேல் பாட்டில்.
ஜன்னல் கம்பியிலிருந்து கதவுத் தாழ்வரை
அவளுடைய தையல் நூல், இரண்டு இழை.
நூலின்மேல் கொடி.
சுவரைக் கேட்காமலே
சுவருக்கு ஒரு சேலை.

வாடகை பதினோராயிரம்.
மாதத்துக்கு இரண்டு இலை.
கணக்குப் போட்டுப் பார்த்து
அந்தக் கடல் படம் மலிவோ
என்று நினைத்ததும் உண்டு.

லாரி வராத வாரங்களில்
அரிசி களைந்த தண்ணீர் அதற்கு,
அரை வாளி எங்களுக்கு.

ஆவணியில் கொடி தடத்துக்கு வந்தது.
அன்று விரிந்த இலையில்
மஞ்சள் கொஞ்சம் தூக்கல்.
தடம் மறையவில்லை.
ஆனால் வந்தவர்கள் அதை
இலையின் நிழல் என்று நினைத்தார்கள்.
நாங்களும் திருத்தவில்லை.

சகாயமேரிக்குக் கோயம்புத்தூர் மாற்றல் வந்தது.
பதினோராயிரத்தை ஒருத்தி கட்ட முடியாது.

சாவி வாங்க வந்த ஆளவந்தார்
போன் டார்ச்சை அடித்துச்
சுவரை அங்குலம் அங்குலமாய்ப் படித்தார்.
ஆணி ஓட்டை இல்லை.
ஆனால் கொடி போன வழியெல்லாம்
பொடிப்பொடியாய்ப் பழுப்பு வேர்த்தடம்,
பல்லி நடந்து காய்ந்த மாதிரி.
"இது என்னம்மா?"

பதில் சொல்லுமுன் அவரே
எட்டாவது வரியில் விரலை வைத்தார்:
காலி செய்யும்போது
பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்.
எது எப்படி இருந்தாலும்.

சகாயமேரி என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.
அடித்திருக்கலாம்.
முதல் நாளே,
எத்தனை ஆணி வேண்டுமானாலும்.

படியில் உட்கார்ந்து சிரித்து முடிக்கவே
பத்து நிமிஷம் ஆயிற்று.

கத்தரிக்கோலால் கொடியை இரண்டாக்கினோம்.
அவள் பாதி ஈரத் துண்டில் சுருண்டு
ராத்திரி ரயில் ஏறியது.

என் பாதியைக்
கழுத்திலும் தோளிலும் சுற்றிக்கொண்டு
கீழ்க்கட்டளைக்கு ஷேர் ஆட்டோவில் போனேன்.
மாலையா பாம்பா என்று தீர்மானிக்க முடியாமல்
எதிர்சீட்டுக் குழந்தை
இறங்கும்வரை கண்ணெடுக்கவில்லை.