கச்சான்

நோ எத்தனை என்று கேட்க வேண்டும்.
பூச்சியம் என்றால் இல்லை,
பத்து என்றால் தாங்கேலாது.
இடையில் கிடப்பதையெல்லாம்
நோயாளி தானே எண்ணிச் சொல்லுவார் என்று
படிவம் நம்புகிறது.

இருபத்திமூன்றாம் கட்டில்.
பாசையூர் எமிலியாம்பிள்ளை.
சீனி வருத்தம். இடது கால்
முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டாம் நாள்.
"ஐயா, ஒண்டிலயிருந்து பத்துக்குள்ள
எத்தனை சொல்லுவியள்?"
யன்னலைப் பார்த்தபடி சொன்னார்:
"கச்சான்."

"கச்சான் இப்ப தரேலாது ஐயா,
இண்டைக்குக் கஞ்சி மட்டும்தான்."
பக்கத்துக் கட்டில் சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.
"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் சுகம் வரும்"
என்றும் சேர்த்துக்கொண்டேன்.
அப்படிச் சொல்லக்கூடாது என்று
மூன்று வருடம் படித்தவள்.
சோதனையில் அந்தக் கேள்விக்கு
முழுப் புள்ளி வாங்கியவள்.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார்.
நான் நான்கு என்று எழுதினேன்.

அந்த நான்கு
என் பேனையில் இருந்தது,
அவரிடம் இல்லை.

முப்பத்தெட்டுப் பேருக்கு இரவில் நாங்கள் இரண்டு பேர்.
மருந்து வண்டியின் ஒரு சில்லு அழும்.
உரும்பிராய்ச் செம்மண்ணில் வளர்ந்த எனக்குக்
காற்று என்பது வாழை முறிக்கிற ஒன்று,
அதற்குப் பெயர் வைத்து யாரும் கூப்பிட்டதில்லை.
இரண்டு மணிக்கு முக்காலியை இழுத்துப் போட்டேன்.
"எனக்கு விளங்கேல்லை ஐயா.
கச்சான் எண்டால் என்ன?"

சேலைன் சொட்டுவதை எண்ணினேன்.
நாற்பதாவது சொட்டில் வாய் திறந்தார்.
"மேற்கால வாறது, பிள்ளை. காய்ஞ்ச காத்து.
தோலை எரிக்கும்.
வாடை வேற, அது எலும்புக்குள்ள போய் இருக்கும்.
சோளகம் விட்டு விட்டு அடிக்கும்,
அதோட ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்."

பிறகு நான் எண்ணைக் கேட்கவில்லை.
"இண்டைக்கு என்ன காத்து?"
கடமை மாறும்போது தர்மினி சொல்லுவாள்:
"இருபத்திமூண்டு வாடை. ஊசி போட்டாச்சு."
வாடைக்கு எட்டு, கச்சானுக்கு ஆறு,
சோளகத்துக்கு மூன்று என்று நிரப்பினேன்.
என் கணக்கில் பிழை இருக்கலாம்.
ஆனால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

ஆறாம் இரவு:
"காத்தில்லை."

நல்ல சேதி. டொக்டருக்குப் பிடிக்கும்.
பூச்சியத்தின் பாதி வளைவில் பேனை நின்றது,
கட்டில் கம்பியை அவர் பிடித்திருந்த கை
வெளுத்துப் போயிருந்ததால்.
"காத்தில்லாட்டி?"
"காத்தில்லை. அலையுமில்லை.
ஆனா வள்ளம் ஆடுது."
"எங்க ஆடுது?"
வாசலைப் பார்த்தார். குரலை இறக்கினார்.
"விரல் நோகுது மிஸி.
எடுத்த காலின்ர விரல்.
மனுசியிட்டச் சொல்லேல்லை,
விசர் பிடிச்சிட்டுது எண்டு அழுவா."

விரிப்பு சட்டென்று தட்டையாகிற இடத்தில்
கையை வைத்தேன்.
"இங்கயோ?"
"இன்னும் கீழ."
நகர்த்தினேன்.
"இன்னும் கொஞ்சம். வெளிப்பக்கமா.
ஆ... அதுதான். சின்ன விரல்."
வெறும் துணியை
அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
"விசரில்லை ஐயா. கன பேருக்கு வாறது.
உண்மையான நோதான்.
விடிய டொக்டரிட்ட நானே சொல்லுறன்."
அவர் கண்ணை மூடினார்.
கம்பியை விடவில்லை, ஆனால்
விரல்களில் ரத்தம் திரும்பியது.

இடம் என்ற கூட்டுக்குள் எழுதினேன்:
இடது கால், சின்ன விரல்.
எழுதியது திருத்தப்படலாம். பரவாயில்லை.

முப்பத்தோராம் கட்டில் சட்டி கேட்டது.
எழுந்தேன்,
அவருடைய கட்டிலின் இடது கால்மாட்டை
இடிக்காமல்
சற்று விலகிச் சுற்றிப் போனேன்.