ரிவர்ஸ் மட்டும்

ஜெர்மனிக்காரன் ஆர்டரைப் பாதியாக்கியதும்
மேல்விஷாரம் ஷூ பேக்டரியில்
வாரம் மூன்று நாள்தான் மிஷின் ஓடுது.
மீதி நாலு நாளும்
ஹெரால்டுக்கு அடியில் கிடக்கிறேன்.

காட்பாடியில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில்
கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி.
இருபத்திரண்டாயிரம். முட்டை மூன்று இலவசம்.

பானெட்டைத் தூக்கினால்
முகத்தோடு முன்னால் கவிழும்.
"தொழாத மனுசன் கையில
சஜ்தா செய்யுற காரு" என்கிறாள் ஷம்ஷாத்,
துணி காயப்போட இடமில்லாத கோபத்தில்.

வெயிலைச் சொல்ல வேண்டாம், இது வேலூர்.
பதினோரு மணிக்கே ஸ்பேனர் சுடும்.
நட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறுகின்றன,
சட்னிக் கிண்ணத்தில்.
அது தனிச் சண்டை.

சீட்டுக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை.
ஐரோப்பியக் கால்களுக்கென்று பதனிட்டு
உண்ணி கடித்த தழும்பு தெரிகிறதென்று
ஒதுக்கிவிட்ட தோல்.
அந்தத் தழும்பு
என் முதுகுக்கு நேராக வரும்படி வெட்டினேன்.

நேற்று சாயங்காலம் ஸ்டார்ட் ஆனது,
மூன்று முறை தும்மி,
கறிவேப்பிலைச் செடியைக் கறுப்பாக்கி.
ஃபர்ஸ்ட் விழவில்லை. செகண்ட் விழவில்லை.
ரிவர்ஸ் மட்டும் வெண்ணெய்.

அந்நேரம் பார்த்து சூப்பர்வைசர் போன்:
"திங்கள்ல இருந்து ஃபுல் ஷிப்ட், குத்தூஸ் பாய்."
சரி என்றேன்.
எஞ்சின் சத்தத்தில் கேட்டதோ என்னவோ.

ஈரக் கையோடு ஷம்ஷாத் ஏறிக்கொண்டாள்.
கஸ்பா சந்து முழுக்கப் பின்னாலேயே போனோம்.
மளிகைக்கடை சம்பங்கி எழுந்து நின்று
"வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று கை காட்டினார்.

'போதும்' மட்டும்
ஒரு நொடி தாமதமாகச் சொன்னார்.