ஆழத்துறைக் கட்டம்

சப்ரான், நீ கேட்டது சின்னக் கேள்வி:
விரிவாக்கம் வாங்கலாமா, காசுக்குத் தகுமா?
மூன்று இரவாய்ப் பதில் தேடுகிறேன்
உவர்மலை அறையில்,
கரண்ட் போன நேரங்கள் நீங்கலாக.

முதலில் குறைகள்.
'முறை முடிந்தது' என்று அழுத்திவிட்டு
நான் போய்த் தேத்தண்ணி ஊத்தலாம்,
ஆற வைக்கலாம், குடித்தும் முடிக்கலாம்;
அப்போதும் ஏழு அரசர்கள்
யோசித்துக்கொண்டே இருப்பார்கள்.
முன்பு அரை நிமிடம்.
என் பழைய மடிக்கணினிக்கு மூச்சு வாங்குகிறது,
அடியில் கை வைத்தால் தோசைக்கல்.

புதிதாய்ச் சமயத் தூதர்கள்.
ஒரு வேலையும் இல்லை அவர்களுக்கு.
வழியை மறித்து நிற்பார்கள்
கோட்டை வாசல் மான்களைப் போல:
ஹோர்ன் அடித்தால்
ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு
மறுபடி சோற்றுத்தாள் மெல்லுமே, அப்படி.

உளவாளிகள், வீண்.
திருவிழாக் காலம், கண்ணுக்கு அழகு.
இசையை மாற்றியிருக்கிறார்கள்;
நான் நிறுத்திவிட்டேன்.

இனி அந்த ஒன்று.

பழைய ஆட்டத்தில் கடல் என்றால் கடல்தான்.
எந்தக் கரைக் கட்டமும்
இரண்டு மீன், ஒரு காசு.
மூலையில் ஓர் ஊரை வைப்பேன்,
நூற்று எண்பது முறை போகும்,
ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.
"நீ விளையாடுறியா, நித்திரை கொள்ளுறியா?"
என்று நீ சிரிப்பாய்.

இப்போது ஆழத்துறை என்றொரு கட்டம்.
முழு வரைபடத்திலும் நாலோ ஐந்தோ.
கருநீலம், மூன்று பக்கமும் மலை.
புயல் உள்ளே வராது,
எவ்வளவு பெரிய கப்பலும் நிற்கும்.
கண்டதும் கை தானாகப் போய்
ஊரை நட்டுவிட்டது.
பெயர் கேட்டது,
யோசிக்காமல் உப்புவெளி என்று தட்டினேன்.

பதினோராம் முறையில் முதல் தூதன்.
பரிசு: மிளகு, ஒரு குதிரை.
பதினாலில் இன்னொருவன்,
அவனும் நண்பன்தான்.
முப்பதுக்குள் ஐந்து கொடிகள்
என் வாசலில் நங்கூரம்.
ஒருவருக்கும் என் மீன் வேண்டாம்,
நெல் வேண்டாம்,
நானும் வேண்டாம்.
கட்டம் வேண்டும்.

எழுந்து யன்னலைத் திறந்தேன்.
கீழே உட்துறைமுகம்.
சீனக்குடாப் பக்கம் மாவாலை வெளிச்சம்.
நடுவில் ஒரு கப்பல்;
என்ன கொடி என்று இருட்டில் தெரியவில்லை.
தெரிந்துதான் என்ன.

ஆக, ஆட்டம் திருந்தியிருக்கிறதா?
விறுவிறுப்புக் கூடியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.
முன்பு வென்றால் வென்றேன், அவ்வளவுதான்;
இப்போது தோற்றால்
எந்த இடத்தில் தோற்கத் தொடங்கினேன் என்று தெரிகிறது.
ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து அழுத்துகிறேன்.
மதிப்பீடு எழுதுகிறவர்கள் இதைத்தான்
ஆழம் என்கிறார்கள் போல.

எரிச்சல் ஒன்று பாக்கி.
பிடிபட்ட ஊரின் சனம்
இருபது முறை கோபமாய் இருக்குமாம்.
சிவப்பு முகம், பக்கத்தில் எண்.
பத்தொன்பது, பதினெட்டு என்று இறங்கிப்
பூச்சியம் ஆனதும் சிரித்த முகம்.
யார் போட்ட கணக்கு இது?
அந்த மனிசனை ஒரு பின்னேரம்
டச்சு விரிகுடாவுக்குக் கூட்டிவந்து
ஒரு சரை கச்சான் வாங்கிக் கொடுத்து,
ஆறுதலாய்க் கேட்க வேண்டும்:
இருபது என்று எப்படித் தெரியும் தம்பி?

சரி. முழு விலை கொடுக்காதே,
கழிவு போடும்வரை பொறு.
வெள்ளிக்கிழமை ஜும்மா முடியக்
கிண்ணியாப் பாலம் தாண்டி வா,
என்னுடையதில் ஆடிப் பார்.
நூற்று மூன்றாம் முறையில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
மதில் இல்லை. படை இரண்டு.
ஆறாவது தூதன் வாசலில்
புன்னகையோடு நிற்கிறான்.
எங்கள் நட்பை ஏற்கிறீர்களா?
'ஆம்' ஒரு பொத்தான்,
'இல்லை' ஒரு பொத்தான்.

மூன்றாவது பொத்தானுக்கு
வைகாசியில் இன்னொரு விரிவாக்கம் வருகிறதாம்.
அதுவும் காசுக்குத்தான்.