குறிப்பில் வேண்டாம்

தீர்மானம் எண் நாற்பத்தொன்று
மத்தியானம் மூன்றே காலுக்கு வந்தது.
அதற்கு முன்னால் சத்துவாச்சாரி சாக்கடை,
தொரப்பாடியில் எரியாத பதினேழு விளக்கு,
ஒரு நாய்க்கடி, இரண்டு வெளிநடப்பு.
வெளியே போனவர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.
நான் மாமன்றத்தின் சுருக்கெழுத்தர்.
பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில்
என் பென்சிலும் வாங்கும்.

'அப்துல்லாபுரம் விமான நிலையத்தின்
. . . . . . ஆம் ஆண்டு நிறைவை
இம்மன்றம் பெருமகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது.'

அந்தப் புள்ளிகள் தட்டச்சுப் பிழையில்லை.
எத்தனையாவது ஆண்டென்று யாருக்கும் தெரியவில்லை.
பழைய கோப்பைக் கேட்டு மூன்று கடிதம் போட்டிருந்தோம்.
வந்த பதிலில்
கரையான் என்ற சொல் இரண்டு முறை இருந்தது.

வெள்ளைக்காரன் சண்டைக்குப் போட்ட ஓடுபாதை என்றார்
ஒன்பதாம் வார்டு ஹயாத் பாஷா.
அதற்கும் முந்தி என்றார் ஒருவர்.
இன்னொருவர்,
தன் அப்பா அங்கேதான் சைக்கிள் பழகினார் என்றார்.
எழுதிக்கொண்டேன்.
கல்கத்தாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்
காட்பாடி பிளாட்பாரத்தில் ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறார்களே,
நாளைக்கு அவர்கள் பறந்து வருவார்கள் என்றார்
மேசையைத் தட்டப் பழகிய ஒருவர்.
தட்டினார்கள்.

பின் வரிசையிலிருந்து எழுந்தார்
இருபத்தாறாம் வார்டு பிரிசில்லா ஞானமணி.
"தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்னு
ஊரே நம்மள எண்ணி எண்ணிச் சிரிச்சது போதாதா?
ப்ளேனே இல்லாத ஏர்போர்ட்டுக்கு
பொறந்தநாள் வேறயா?"
எல்லாரும் சிரித்தார்கள்.
தலைவரும் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:
"இது குறிப்பில் வேண்டாம்."
அடித்தேன்.

ஹயாத் பாஷா உட்காரவில்லை.
"சாமிதான் வந்துட்டாரேம்மா!
எத்தினி தலைமுறை வெறுங்கோயிலா கெடந்துது,
ஒரு நாள் விடிஞ்சா உள்ள கீறாரு.
பாலாறு வருமா வருமான்னு கேட்டுனு இருந்தோம்,
வந்துது,
கரையில இருந்த வூட்டையெல்லாம் தூக்கினு போச்சு.
ராஜா ஒருத்தர்தான் பாக்கி.
அவரு வரவே வேணாம்."
"இதுவும் வேண்டாம்" என்றார் தலைவர்.
அடித்தேன். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

பிறகு பொன்னாடை.
ஓடுபாதையில் புல் வெட்டும் ஒப்பந்தத் தொழிலாளி,
அழைப்பிதழில் பச்சையப்பன்,
வந்து நின்றதோ பச்சையம்மாள்.
காலில் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருந்தாள்,
யாரும் கழற்றச் சொல்லவில்லை.
இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"நெருஞ்சி சாஸ்தியா கீது சார்.
ஆட்டை ஓட்டினா மறுபக்கம் பூந்து வருது.
கத்திக்கு சாணை புடிக்கக் காசு வேணும்.
ரெண்டு மாசமா சம்பளமும் வர்ல."
மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவள்
மறுபடியும் வாயருகே கொண்டுபோனாள்.
"காத்து எந்தப் பக்கம்னு காட்டுமே, அந்தத் துணிப்பை
கிழிஞ்சி போச்சு.
எம் பொடவையக் கிழிச்சு தெச்சு மாட்டினேன்.
ஆரஞ்சு இல்ல, ஊதாதான் இருந்துது.
ப்ளேனுக்கு ஒத்துக்குமா சார்?"

மின்விசிறி கிறீச்சிட்டது.
நகராட்சிப் பொறியாளர் பேனா மூடியைத் தேடினார்.
"இது தீர்மானத்துக்குப் புறம்பானது" என்றார் தலைவர்,
என்னைப் பார்த்து.
பிறகு ஒருமனதாக நிறைவேறியது.
மிக்சரும் காராபூந்தியும் வந்தன.

ராத்திரி தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.
புறம்பானது என்று சொன்னாரே தவிர
வேண்டாம் என்று சொல்லவில்லை.
கத்தி, சாணை, இரண்டு மாதச் சம்பளம்,
ஒவ்வொன்றையும் வரிசையாக அடித்தேன்,
இந்த முறை விசைப்பலகையில்.
ஊதாவுக்கு வந்தபோது
பதில் என்ற இடத்தில் போட எதுவும் இல்லை.
ஆண்டுக்குப் போட்ட அதே ஆறு புள்ளிகளைப் போட்டேன்.
ஆணையருக்கு ஒரு படி, கோப்புக்கு ஒரு படி.

மறுநாள் ஆம்பூர் பஸ்ஸில்
ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது.
அப்துல்லாபுரம் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன்.
ஒரு லாரி மறைத்துக்கொண்டே வந்தது.